மூன்று முறை தாழ்ந்த கிற்றார்

வெல்லாவெளியில் ஒரு கோயில் திருவிழாவுக்காக லொறியிலிருந்து ஸ்பீக்கர் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ரொனி அண்ணன் வீட்டு நம்பர். எங்கள் இருவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. போனை எடுத்ததும், செத்த வீட்டில் பிணம் எடுக்கிற நேரத்தை விசாரிப்பதுபோல நான் கேட்பது, "என்ன, பொடி எத்தின மணிக்கு எடுக்கிற?" என்பதுதான். அவர், "ஒன்னத்தான் பாத்துக்கிட்டுக் கிடக்கு, வந்து ஒரு பக்கம் தூக்கு" என்பார். அதற்குப் பிறகுதான் விசயம் பேசுவோம். அன்றும் அப்படித்தான் கேட்டேன். அந்தப் பக்கம் வந்தது அவருடைய மகள் ஷெரினின் குரல்.

"நாளைக்கு நாலு மணிக்கு, அங்கிள்."

கையிலிருந்த பெட்டி விழுந்து ஸ்பீக்கர் கிழிந்தது. ரொனி அண்ணன் அங்கே இருந்திருந்தால், செத்துப்போன நிலையிலும் எழுந்து வந்து அதற்காக என் பிடரியில் ஒன்று போட்டிருப்பார்.

இந்த நினைவு மலரை வாசிக்கிற உங்களில் பாதிப்பேர் அவரிடம் கத்தியும் மண்வெட்டியும் செய்வித்தவர்கள். மற்றப் பாதிப்பேர் அவரிடம் அறை வாங்கியவர்கள். புளியந்தீவில் அவருடைய கொல்லன் பட்டறை. அதற்குப் பின்னால் தகரக் கொட்டிலில்தான் எங்கள் 'றஸ்டி நெயில்ஸ்' பாண்ட் பிறந்தது. ஊர் அதைத் 'துருவாணிக் கூட்டம்' ஆக்கிவிட்டது. கிற்றாரும் பாட்டும் ரொனி அண்ணன். பேஸ் கிற்றார் செல்வன். ட்ரம்ஸ் நான். முப்பது வருடத்துக்கு மேல் ஓடிய பாண்ட் என்று எங்களைப் பற்றி ஒரு படமும் எடுத்தார்கள். அந்தப் படத்தில் ஒரு கலியாண வீட்டு வீடியோத் துண்டு வரும். செல்வனை மேடையிலிருந்து கொண்டுபோகிற துண்டு. பார்த்தவர்கள் எல்லாரும் செல்வனைத்தான் பார்த்திருப்பீர்கள். அதில் தப்பில்லை. ஆனால் செத்த வீட்டில், பெட்டி இன்னும் மூடாத நேரத்தில், ஒருவர் என் காதுபடச் சொன்னார்: "பாட்டை நிப்பாட்ட மனமில்லாம ஒருத்தனப் பறிகுடுத்த மனிசன்." அது பொய். அது பொய் என்று சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான். அதற்காகவே ஷெரினிடம் இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கினேன். ஆறாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அல்லது வந்து அடியுங்கள். எனக்குப் பழக்கம் இருக்கிறது.

நான் முதலில் அவரிடம் அடி வாங்கியதைச் சொல்கிறேன். அப்போது பட்டறைக்குப் பக்கத்து ஐஸ் வாடியில் மீன் பெட்டி அடுக்குகிற வேலை எனக்கு. சும்மா இருக்கும் நேரம் வெறும் தகரத்தில் தட்டிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அவர் சுத்தியலோடு வந்தார். ஓடத்தான் நினைத்தேன். "ஒண்டில் இதை நிப்பாட்டு, இல்லாட்டி வந்து ஒழுங்கா அடி" என்றார். அன்றிலிருந்து என் பெயர் தகரம். என் அம்மா வைத்த பெயர் இப்போது அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது.

அடிக்கும்போது தலையைக் குனிந்துகொள்வேன். அது என் வியாதி. முதல் ஒத்திகையில் மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். நாலாம் தரம் கையிலிருந்த ஸ்பீக்கர் வயரைச் சுழற்றி வீசினார். நுனியில் இருந்த செப்பு இடது காதைக் கிழித்துக்கொண்டு போனது. இரத்தம் ட்ரம்மில் சொட்டியது. அப்போதும் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. "ட்ரம் எங்கயும் ஓடாது மச்சான். பாட்டுத்தான் ஓடும். தலையத் தூக்கி அதப் பாரு" என்றார். பாட்டைப் பார்ப்பது என்றால் அவரைப் பார்ப்பது. கிற்றாரின் கழுத்தை உயர்த்தித் தாழ்த்தினால் பாட்டை முடி என்று அர்த்தம். விரலைச் சுற்றிக் காட்டினால் இன்னும் ஒரு சுற்று. எங்கள் பாட்டுகளில் ட்ரம் நின்றால்தான் பாட்டு நிற்கும். அதனால் கடைசிச் சொல் என்னுடையது, கடைசி அடி அவருடையது.

அவருடைய பெரிய சட்டம் உங்களுக்குத் தெரியும். தொடங்கின பாட்டை நடுவில் நிறுத்தக் கூடாது. அது எங்கிருந்து வந்தது என்று பலருக்குத் தெரியாது. ஒரு மாதா கோயில் திருநாள். வளவு நிறையச் சனம். பாட்டின் நடுவில் ஒரு ஷெல் வந்து வாவிக்குள் விழுந்தது. தண்ணீர்தான் எழும்பியது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் பயந்து நிறுத்தினோம். சத்தம் நின்ற அந்த நொடியில் சனம் ஒரே ஒரு சிறிய கேற்றை நோக்கி ஓடியது. எல்லாம் முடிந்த பிறகு கேற்றுக்குக் கீழே கச்சான் கடலை விற்கிற ஒரு மனுசி கிடந்தாள். அவளுடைய நெஞ்சு உள்ளே போயிருந்தது. ரொனி அண்ணன்தான் தூக்கினார். தூக்கியபோது அவளுடைய வாயிலிருந்து வந்த இரத்தம் அவருடைய வெள்ளைச் சேட்டில் முழுக்கப் படிந்தது. "அவள ஷெல் கொல்லல்ல. நாம நிப்பாட்டினதுதான் கொன்னது. சத்தம் இருந்தாச் சனம் நிக்கும்" என்றார். பிறகு கரண்ட் போனாலும், வானத்தில் ஹெலி சுற்றினாலும், நாங்கள் நிறுத்தியதில்லை. ஒரு முறை குண்டுச் சத்தத்துக்கு நான் குச்சியைப் போட்டுவிட்டு மேசைக்குக் கீழே போனேன். மேசைக்குக் கீழேயும் வந்து உதைத்தார்.

சுனாமி அன்று நான் ஏறாவூருக்கு இரவல் ஜெனரேட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். அந்தச் சோம்பேறி இயந்திரம்தான் என்னைக் காப்பாற்றியது. ரொனி அண்ணன் வீடு டச் பார் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் நடுவில். நத்தார்ப் பண்டிகைக்கு அடுத்த காலை, வீட்டில் கேக் இன்னும் முடியவில்லை. தண்ணீர் வந்தபோது ஷெரினைத் தோளில் போட்டுக்கொண்டு தென்னையில் தொற்றினார். மற்றக் கையில் மனைவி டொரீன் அக்காவின் கை. இரண்டாவது அலையில் அந்தக் கை போய்விட்டது. நான் அவரை ஒரு பள்ளிக்கூடத்தில் கண்டேன். நெஞ்சுத் தோல் முழுக்க மரத்தில் உரிந்து போயிருந்தது. சுவரில் தலையை மோதிக்கொண்டிருந்தார். பிடிக்கப் போன இரண்டு பேரைக் குத்தி விழுத்தியிருந்தார். மூன்றாவது ஆள் நான். எனக்கு ஒரு பல் போனது.

செல்வன் அவரைப் பிடிக்கப் போகவில்லை. தோணி ஒன்றை எடுத்துக்கொண்டு வாவிக்குள் போனான். மூன்று நாள், மிதந்தவர்களை ஒவ்வொருவராகப் புரட்டிப் புரட்டி முகம் பார்த்தான். எத்தனை முகம் என்று அவன் கடைசிவரை சொல்லவில்லை. மூன்றாம் நாள் கண்டல் மரங்களுக்குள் நத்தார் சட்டையை வைத்து டொரீன் அக்காவை அடையாளம் கண்டு கொண்டுவந்தான். அன்றைக்குத்தான் ரொனி அண்ணன் சுவரை விட்டார். "இனி இவன் என்ட தம்பி இல்ல. அதுக்கும் மேல" என்று என்னிடம் சொன்னார். எனக்குப் பல் போனது மட்டும்தான் மிச்சம்.

என் பெரிய ட்ரம்மும் மூன்று கிழமையால் கரையொதுங்கியது. உள்ளே ஒரு நண்டு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அதை வெளியேற்றிவிட்டு மறுபடி தொடங்கினோம்.

அடுத்து வந்த காலத்தைப் பற்றி இந்த ஊர் ஆட்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. இலக்கத் தகடு இல்லாத வாகனங்கள் ஆள் பிடிக்க ஓடிய காலம். பட்டப்பகலில் புளியந்தீவில் ஒரு கலியாண மண்டபம். சாப்பாடு முடிந்து பிள்ளைகளும் பெண்களும் ஆடிக்கொண்டிருந்தார்கள். மேடைக்குப் பின்பக்கத்தால் மூன்று பேர் ஏறி வந்தார்கள். இடுப்பை மறைக்கச் சேட்டை வெளியே விட்டிருந்தார்கள். ஒருவன் செல்வனின் இடுப்பில் எதையோ அழுத்தினான். ஏன் செல்வன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. செல்வன் பேஸை மெதுவாகக் கழற்றிச் சாய்த்து வைத்தான். என் பக்கம் குனிந்து, "ரெண்டு கேள்வி கேக்கணுமாம். ரெண்டு நிமிசத்தில வாறன்" என்றான். போகும்போது விரலைச் சுற்றிக் காட்டினான். இன்னும் ஒரு சுற்று.

நான் தலையைக் குனிந்து அடித்தேன். அவன் வந்து ஏறிக்கொள்ள வேண்டிய இடத்தை ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் வெறுமையாக விட்டு அடித்தேன். ஒரு சுற்று. வரவில்லை. இரண்டு. மூன்று. நாலாவது சுற்றில் கைவிரல் வெடித்து இரத்தம் வந்து குச்சி வழுக்கியது. அப்போதுதான் நிறுத்தினேன். சனம் கை தட்டியது.

வெளியே ஓடினோம். தெருவில் ஐஸ்பழம் விற்கிறவர் மட்டும் நின்றார். செல்வனைக் கொண்டுபோன வாகனம் இவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றது என்றார். ஏற மாட்டேன் என்று அந்தப் பொடியன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். கதவை விரல்மேல் அடித்து அடித்துச் சாத்தினார்களாம். "கத்தினவன், தம்பி. ஒங்கட சத்தத்தில ஆருக்குக் கேக்கும்? இப்பதான் போகுது."

இந்த வரியை நான் இத்தனை வருடமும் யாருக்கும் சொன்னதில்லை. ரொனி அண்ணனும் நானும் மட்டும் கேட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை செல்வனின் மனைவி புவனா பட்டறைக்கு வந்தாள். அழவில்லை. "அவரக் கொண்டு போகக்குள்ள நீங்க ஏன் நிப்பாட்டல்ல?" என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லத் திறந்தேன் என்று இன்று சத்தியம் செய்ய முடியாது. அதற்குள் ரொனி அண்ணன் சொன்னார்: "நான்தான் நிப்பாட்ட விடல்ல."

பக்கத்தில் கிடந்த குறட்டை எடுத்து அவருடைய நெற்றியில் அடித்தாள். இரும்பைப் பிடிக்கிற நீளக் குறடு. தோல் பிளந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. இரண்டாவது அடி தோளில். மூன்றாவது வாயில். இந்த ஊரில் யாரிடமும் திருப்பி அடிக்காமல் அடி வாங்காத மனிதன், அந்தப் பெரிய கைகள் இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். நான் பிடிக்கப் போனபோது என்னைத்தான் தள்ளி விழுத்தினார். அவள் களைத்துக் குறட்டைப் போடும்வரை நின்றார். இரும்பு அடிக்கிற பட்டடையில் விழுந்த இரத்தம் சூட்டில் கறுத்தது.

நான் வாயை மூடிக்கொண்டேன். மூடினது மூடினதுதான். ரொனி அண்ணன் சொன்னதை ஊர் எடுத்துக்கொண்டது. வருடம் போகப் போக நானும் அதை நம்பத் தொடங்கினேன். செல்வன் விரல் காட்டினது எனக்குத் தெரியும். ஆனால் ரொனி அண்ணனும் 'அடி' என்றுதான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று என் மனம் ஒரு படத்தை வரைந்து வைத்திருந்தது. அவருடைய சட்டம் அதுதானே. அத்தனை அடிக்குப் பிறகும், செல்வனைத் தேடிப் புவனாவோடு முகாம் முகாமாகப் போய் வாசலில் நின்றவர் அவர். ஒரு வாசலில் துவக்குப் பிடியால் அடித்து அவருடைய விலா எலும்பை உடைத்தார்கள். குற்ற உணர்ச்சியில் போகிறார் என்று நானே இரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

யுத்தம் முடிந்து சில வருடத்தில் படம் எடுக்க நிரோ வந்தாள், கொழும்புப் பிள்ளை. நல்ல பிள்ளை, நான் சொன்ன பொய்யெல்லாம் எழுதிக்கொண்டாள். ரொனி அண்ணன் சுத்தியலோடுதான் பிறந்தார், மருத்துவிச்சிக்குக் கால் முறிந்தது என்று சொன்னேன். அதையும் எழுதினாள். வெளிநாட்டுக்குப் போய்விட்ட அந்தக் கலியாண வீட்டாரிடமிருந்து அவள்தான் வீடியோவைத் தேடி எடுத்தாள். ரொனி அண்ணன் அதை முதலில் தனியாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, இந்தத் துண்டு படத்தில் வரக் கூடாது என்றார். காரணம் சொல்லவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டது. அன்று கொஞ்சம் குடித்தும் இருந்தேன். நிரோவின் கமரா ஓடிக்கொண்டிருக்க, "ஒங்கட வெக்கத்த மறைக்க செல்வன இன்னொருக்காக் காணாமப் போக்கப் பாக்கிறீங்க" என்றேன். அடித்தார். நானும் அடித்தேன். ஐம்பது வயதுக்காரனும் அறுபது தாண்டியவரும் பட்டறைச் சாம்பலில் புரண்டோம். அவருடைய கழுத்தைப் பிடித்து நெரித்தேன். அவருடைய பிளந்த நெற்றித் தழும்பில் குத்தினேன். அந்த இடத்தைத் தேடித்தான் குத்தினேன். நிரோ கத்திப் பார்த்தாள், கேட்கவில்லை. கடைசியில் கொம்பியூட்டரைத் தூக்கி வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்து வீடியோவைப் போட்டுவிட்டாள்.

செல்வன் போகிறான். விரல் சுற்றுகிறது. ட்ரம்முக்குப் பின்னால் ஒரு குனிந்த தலை. முன்னால் ரொனி அண்ணன் திரும்பி என்னைப் பார்த்து நிற்கிறார். கிற்றாரின் கழுத்தை உயர்த்தித் தாழ்த்துகிறார். முடி. குனிந்த தலை அடிக்கிறது. அடுத்த சுற்றில் இன்னும் கிட்ட வந்து தாழ்த்துகிறார். முடி. தலை நிமிரவில்லை. மூன்றாவது முறை கிற்றார் தரையில் இடிக்கிற அளவுக்குத் தாழ்த்துகிறார். வாயாலும் கத்துகிறார். என் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அவர் தன் சட்டத்தைத் தானே உடைக்கப் பார்த்திருக்கிறார். நான் விடவில்லை.

அவருடைய கழுத்தில் என் விரல் பதிந்த இடம் சிவந்து கிடந்தது. "ஏன் அண்ணன் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"அவள் என்ன அடிச்சி முடிச்சிட்டாள்" என்றார். "இனி முதல்ல இருந்து ஒன்ன அடிக்கணுமா?"

கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நீ அவன் வருவான் எண்டு அடிச்ச நீ. நான் அப்பிடி நம்பல்ல. அதான் நிப்பாட்டச் சொன்ன நான். நம்பினவனுக்கு என்னத்துக்கு அடி?"

நானே நிரோவைக் கூட்டிக்கொண்டு வெல்லாவெளிக்குப் போனேன். புவனா அங்கே அண்ணன்மாரின் வயல் வட்டையில் வேளாண்மை பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் களை பிடுங்கிய சேறு. எல்லாவற்றையும் சொல்லி, வீடியோவைப் போட்டுக் காட்டி, கிட்ட ஒரு மண்வெட்டி கிடந்ததால் அதையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மறுபடி போடு என்றாள். மறுபடியும். செல்வன் பேஸைக் கழற்றி வைத்து ஆறு எட்டு எடுத்து நடக்கிற இடம். "படம் கிடக்கு என்னட்ட. எல்லாம் சும்மா நிக்கிற படம்" என்றாள். "அவர் நடக்கிறது இதிலதான் இருக்கு. இத வெட்டாதீங்க."

பிறகு என்னிடம் ஒன்று மட்டும் கேட்டாள். "அவர் திரும்பி வருவன் எண்டா சொன்ன?" ஓம் என்றேன். தலையாட்டினாள். ஐஸ்பழக்காரர் சொன்னதை அன்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதை அச்சுக்குக் கொடுக்க முன் போய்ச் சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும். ஐஸ்பழக்காரர் வீட்டுக்கு வந்து சொன்னவர்" என்றாள். அது தெரிந்துதான் அன்று குறட்டைத் தூக்கியிருக்கிறாள்.

வீடியோ பார்த்த கிழமையே அவள் பட்டறைக்கு வந்தாள். வாசலில் நின்றாள், உள்ளே வர முடியவில்லை. ரொனி அண்ணன் அதே குறட்டை எடுத்து நீட்டினார். "இந்தா புள்ள, மத்தப் பக்க நெத்தி சும்மாதான் கிடக்கு." புவனா சிரித்தாள். சிரித்துக்கொண்டே வாசலில் குந்தி, அத்தனை வருடத்துக்கும் சேர்த்து அழுதாள்.

ரொனி அண்ணன் போனது பட்டறையில்தான். பழுத்த இரும்பைப் பட்டடையில் வைத்து ஓங்கியவர் அப்படியே சாய்ந்தார். நெஞ்சு. தொடங்கின வேலையை நடுவில் விட்டது அந்த ஒரு முறைதான்.

அடக்கத்தில் அந்தக் கலியாண வீட்டுப் பாட்டை வாசிக்கச் சொன்னாள் ஷெரின். அந்த நாளுக்குப் பிறகு நாங்கள் அதைத் தொட்டதில்லை. குழிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ட்ரம்மோடு நின்றேன். புதிய பொடியன்கள் இருவர் கிற்றாரும் பேஸும். ஷெரின் அப்பாவின் கிற்றாரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றாள். பாட்டு முடிகிற இடம் வந்தது. முடிக்கச் சொல்ல ஆள் இல்லை. இன்னும் ஒரு சுற்றுப் போனோம். நான் தலையைத் தூக்கி ஷெரினைப் பார்த்துக்கொண்டே அடித்தேன். அந்தக் கிற்றார் பாரமானது. அடுத்த சுற்றின் நடுவில் அவளுடைய கை சோர்ந்து, கிற்றாரின் கழுத்து மெல்லத் தாழ்ந்தது. அவள் என்னை முடிக்கச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். கை வலித்திருக்கும், அவ்வளவுதான். ஆனாலும் குச்சியை நிறுத்தினேன். பாட்டு பாதியில் நின்றது. பெட்டி இறங்கியது. சனம் அப்படியே நின்றது, ஒருவரும் ஓடவில்லை.

கிற்றார் ஷெரினிடம் இருக்கிறது. குறட்டைப் புவனா கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எனக்கு இருப்பது இடது காதில் அந்தக் கிழிசல். பாட்டு தொடங்கினால் அது கடிக்கத் தொடங்கும். இரண்டு கையிலும் குச்சி, சொறிய ஒரு கையும் மிச்சமில்லை. தலையைத் தூக்கிவிடுவேன்.